ஒன்றின் எடை திரும்பியது, மற்றொன்றின் எடை திரும்பவில்லை: முடி உதிர்வுக் காலத்தில் இரண்டு முயல்கள்

பின்னணி

ஒரு குடும்பத்தில் ஒன்றாக வளரும் இரண்டு முயல்களைப் பற்றி, அவற்றைப் பார்த்த மருத்துவராக நான் எழுதும் பதிவு இது. இரண்டுக்கும் ஐந்து வயது. இரண்டுக்கும் கருத்தடை அறுவை முன்பே முடிந்திருந்தது. பெண் முயல் பழுப்பு நிறம், ஆண் சாம்பல் நிறம். இனி நிறத்தைச் சொல்லியே குறிப்பிடுகிறேன். வீட்டுக்குள் ஜன்னல் வெளிச்சம் படும் ஓர் அறையில், வேலி அடைத்த இடத்தில் அவை வாழ்கின்றன. உலர்புல் எந்நேரமும் கிடைக்கும். காலையில் கீரை, மாலையில் அளந்து வைக்கும் பெல்லட், அதாவது அழுத்திச் செய்த தீவனக் குருணை. தண்ணீர் கிண்ணத்தில் இருக்கும். பராமரிப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை.

பெரும்பாலான வீடுகளில் இல்லாத ஒன்று இவர்களிடம் இருந்தது. அது எடைக் குறிப்பேடு. தராசின் மேல் கூடையை வைத்துப் பூஜ்யமாக்கி, முயலை அதில் உட்காரவைத்து, வந்த எண்ணைத் தேதியோடு எழுதுவார்கள். சாதாரண நாட்களில் மாதம் ஒருமுறை, முடி உதிரும் காலத்தில் வாரம் ஒருமுறை. இரண்டு ஆண்டுக் குறிப்பின்படி பழுப்பின் வழக்கமான எடை 2350 கிராம், சாம்பலின் எடை 2600 கிராம். ஒவ்வொரு பெரிய உதிர்விலும் இரண்டும் 40 முதல் 60 கிராம் வரை இறங்கியிருக்கின்றன. புது முடி வந்து முடிந்த சில வாரங்களில் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கின்றன. உடல் எடையில் அது ஏறக்குறைய இரண்டு விழுக்காடு. இந்தப் பழைய எண்கள் இல்லாவிட்டால், கீழே வரும் பாதி முடிவுகளை நான் எடுத்திருக்கவே முடியாது.

முடி உதிரும்போது எடை ஏன் குறைகிறது

முயல்கள் ஆண்டுக்கு இரண்டு முறை பெரிய அளவில் முடி மாற்றும். நடுவே லேசான உதிர்வுகளும் உண்டு. பகல் வெளிச்சத்தின் நீளம் மாறுவதுதான் இதற்கு முக்கியத் தூண்டுதல். இரவில் நெடுநேரம் விளக்கு எரியும் அறைகளில் வாழும் முயல்களுக்கு இந்த ஒழுங்கு குலைந்து, ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்வதும் உண்டு. உதிர்வு பெரும்பாலும் தலையில் தொடங்கி, கழுத்து, முதுகு என்று பின்னோக்கி நகர்ந்து, விலா, பிட்டம், வயிறு ஆகிய இடங்களில் முடியும். பழைய முடிக்கும் புது முடிக்கும் இடையே உள்ள கோடு வாராவாரம் உடலில் நகர்வதைப் பார்க்கலாம்.

முடி ஏறத்தாழ முழுவதும் கெரட்டின் என்ற புரதம். அதை உருவாக்கக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் நிறையத் தேவை. உடல் முழுக்கப் புது முடி முளைக்கும் வாரங்களில் புரதமும் ஆற்றலும் தோலுக்குப் போகின்றன. உதிர்ந்த முடிக்கும் எடை உண்டு. இந்த வீட்டு மகள் சீப்பில் வந்த முடியை ஒரு பையில் சேர்த்து நிறுத்துப் பார்த்திருந்தாள். ஓர் உதிர்வில் பழுப்பிடமிருந்து மட்டும் 30 கிராமுக்கு மேல் வந்தது. 50 கிராம் இறக்கத்தில் இது சிறிய பங்கு அல்ல.

எடையை ஆட்டிவைக்கும் இன்னொன்று குடல். நலமாக உள்ள முயலின் இரைப்பையும், சீக்கம் என்னும் பெரிய நொதிப்பையும் எப்போதும் நிறைந்தே இருக்கும். உடல் எடையில் பத்திலிருந்து இருபது விழுக்காடு குடலுக்குள் இருக்கும் பொருளின் எடையே. இரண்டரைக் கிலோ முயலில் அது கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை. ஒரு வேளை குறைவாகத் தின்றாலும், நிறுப்பதற்குச் சற்று முன் புழுக்கை போட்டாலும் 30 கிராம் வித்தியாசம் வந்துவிடும். ஒரே ஒரு நாளின் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். பல எண்கள் சேர்ந்து எந்தப் பக்கம் போகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் மூன்று வாரங்கள்

இம்முறை இரண்டுக்கும் உதிர்வு ஒரே வாரத்தில் தொடங்கியது. மூக்குக்கு மேலும் நெற்றியிலும் முடி கலைந்து, தோளில் குஞ்சம் குஞ்சமாக எழும்பி நின்றது. இரண்டாம் வார எடை பழுப்புக்கு 2320, சாம்பலுக்கு 2560. மூன்றாம் வாரம் பழுப்பு 2300, சாம்பல் 2510.

பழுப்பின் எண் பழைய உதிர்வுகளோடு பொருந்தியது. சாம்பல் 90 கிராம் இறங்கியிருந்தது. அதற்கு முன் எந்த உதிர்விலும் அது 60 கிராமைத் தாண்டியதில்லை. ஆனால் வாரம் ஒருமுறை நிறுக்கும்போது 30 கிராம் கூடுதல் இறக்கம் கண்ணில் உறுத்தாது. தவிர, முயல் சுறுசுறுப்பாக இருந்தது. கீரையைக் கண்டால் ஓடி வந்தது, பெல்லட்டை முழுக்கத் தின்றது. இம்முறை முடி கொஞ்சம் அதிகமாகக் கொட்டுகிறது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அப்படி நினைத்ததில் தவறு காண என்னால் முடியவில்லை.

உதிர்வுக் காலத்தில் முயலின் தோற்றம் நம் கண்ணை ஏமாற்றிவிடும். பழைய முடி தளர்ந்து மேலே நிற்க, அடியில் புது முடி அடர்ந்து வர, உண்மையில் இளைத்துவரும் முயலும் முன்னைவிடப் பருத்ததுபோல் தெரியும். முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் விரலால் அழுத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பெல்லட்டைக் கூட்டிய முடிவு

மூன்றாம் வாரக் கடைசியில் குடும்பத்தார் மாலைப் பெல்லட்டை ஏறக்குறைய இருமடங்காக்கினார்கள். முடி வளரப் புரதம் தேவை, புல்லைவிடப் பெல்லட்டில் அது அதிகம் என்பது அவர்கள் எண்ணம். காரணம் சரிதான். ஆனால் இரண்டு முயல்களும் ஒரே கிண்ணத்தில் தின்றன.

நான்காம் வாரம் பழுப்பு 2340க்கு ஏறியது. சாம்பல் 2460க்கு இறங்கியது. ஐந்தாம் வாரம் பழுப்பு 2370, சாம்பல் 2400. கூடுதல் பெல்லட்டில் பெரும்பங்கு யார் வயிற்றுக்குப் போனது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. அதற்குள் பழுப்பின் உடலில் உதிர்வுக் கோடு பிட்டத்தைத் தாண்டி மறைந்து, புது முடி பளபளப்பாக வந்திருந்தது. சாம்பலுக்கோ உதிர்வு விலாவில் வந்து நின்றுவிட்டது. பிட்டத்தில் பழைய முடி சிக்குப் பிடித்துக் கிடந்தது.

மகள் கவனித்தது

அந்த வாரத்தில் ஒரு மாலை மகள் வேலிக்கருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, சாம்பல் புல்லை எடுத்து ரெண்டு தடவ மெல்லுது, அப்புறம் கீழ போட்டுடுது" என்றாள். தாய் வந்து பார்த்தார். புல்தொட்டிக்குக் கீழே பாதி மென்ற ஈரப் புல் சிறு சிறு துண்டுகளாகக் கிடந்தது. பெல்லட்டை மட்டும் அது தின்றுவிடுகிறது. பெல்லட் வாயில் எளிதில் பொடிந்துவிடும்; புல்லை அரைக்கக் கடைவாய்ப் பற்கள் பக்கவாட்டில் நெடுநேரம் உழைக்க வேண்டும்.

மறுநாளே இரண்டு முயல்களையும், குறிப்பேட்டையும், ஒரு சிறு டப்பியில் புழுக்கைகளையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். முயலைப் பார்க்கும் மருத்துவருக்கு இதைவிட நல்ல கைச்சரக்கு வேறு இல்லை.

பரிசோதனையில் கண்டவை

சாம்பலின் எடை 2400 கிராம். வழக்கமான எடையிலிருந்து ஏறக்குறைய எட்டு விழுக்காடு குறைவு. முடிக்கு அடியில் முதுகெலும்பின் முனைகள் கூராகத் தட்டுப்பட்டன. உடல்வெப்பம் 38.7 பாகை செல்சியஸ். வயிறு உப்பவில்லை, இரைப்பை இறுகவும் இல்லை. குடல் ஓசை குறைவாக இருந்தாலும் கேட்டது. டப்பியில் இருந்த புழுக்கைகள் சிறுத்திருந்தன. சில முடியிழையில் மணிபோல் கோத்துத் தொங்கின. பிட்டத்துச் சிக்கில் மென்மையான இரவுப் புழுக்கை ஒட்டிக் காய்ந்திருந்தது. சாதாரணமாக முயல் அதை ஆசனவாயிலிலிருந்தே நேராக வாயால் எடுத்துத் தின்றுவிடும். அதிலிருந்து புரதமும் பி வைட்டமின்களும் கிடைக்கும். அது ஒட்டிக் கிடந்தால், முயல் குனிந்து தன்னைச் சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டது என்று பொருள். தாடையின் அடியில் முடி லேசாக நனைந்திருந்தது.

தோளில் கொஞ்சம் பொடுகு இருந்தது. உதிர்வின்போது பொடுகு தெரிவது இயல்புதான் என்றாலும், ஒட்டுநாடாவில் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன்; உண்ணிகள் இல்லை. வீட்டில் இருக்கும் நாய்க்கான தெள்ளு மருந்தைப் போடலாமா என்று தாய் கேட்டார். கூடாது என்றேன். அத்தகைய மருந்துகள் பலவற்றில் இருக்கும் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி முயலின் உயிரையே எடுத்துவிடக்கூடும். இதை எங்கெல்லாம் சொல்ல முடியுமோ அங்கெல்லாம் சொல்கிறேன்.

இரத்தத்தில் சிறுநீரக, கல்லீரல் அளவுகள் இயல்பாக இருந்தன. சர்க்கரை டெசிலிட்டருக்கு 168 மில்லிகிராம். மருத்துவமனைக்கு வந்த பதற்றத்தில் இந்த அளவுக்கு ஏறுவது உண்டு. குடல் அடைப்பு உள்ள முயல்களில் இது பெரும்பாலும் 360ஐத் தாண்டிப் போகும். உடல் குளிர்ந்து, இரைப்பை உப்பி, சில மணி நேரத்தில் நிலை மோசமாகும். இங்கே அப்படி எதுவும் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

குடும்பத்தாரின் முதல் பயம் முடி உருண்டை. முடி கோத்த புழுக்கைகளைப் பார்த்தால் அந்தப் பயம் வருவது நியாயமே. அதுவும் முயலால் வாந்தி எடுக்க முடியாது என்று தெரிந்தவர்களுக்கு. ஆனால் நலமான முயலின் இரைப்பையிலும் எப்போதும் முடி இருக்கும். புல்லின் நார் குடலைத் தள்ளிக்கொண்டிருக்கும் வரை அந்த முடி தானாக வெளியேறும். குடல் மெதுவாகி, உள்ளிருப்பது நீர் வற்றிக் கெட்டியாகும்போதுதான் முடி திரண்டு நிற்கிறது. பெரும்பாலான முயல்களில் முடி உருண்டை வேறொரு கோளாறின் விளைவு. அதனால் அன்னாசிச் சாறு, எண்ணெய்ப் பசை போன்ற எதையும் கொடுக்கவில்லை. அன்னாசியின் நொதி கெரட்டினைக் கரைக்காது. சாற்றின் சர்க்கரை சீக்கத்தில் உள்ள நுண்ணுயிர்களின் சமநிலையைக் கெடுக்கும்.

உதிர்வு மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்காததற்கு முதல் சான்று பழுப்பு. ஒரே அறை, ஒரே வெளிச்சம், ஒரே தீவனம், ஒரே வயது, ஒரே வாரத்தில் தொடங்கிய உதிர்வு. அது 50 கிராம் இறங்கித் திரும்பிவிட்டது. சாம்பலின் கோடு மூன்றாம் வாரத்திலேயே அதைவிட்டுப் பிரிந்து கீழே போயிருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் வரைந்து காட்டியபோது தாய்க்கு உடனே புரிந்தது. அதோடு, மென்ற புல் கீழே விழுவதும் தாடை நனைவதும் நேராக வாயைத்தான் சுட்டின.

விழித்திருக்கும் முயலின் கடைவாயை முழுமையாகப் பார்க்க முடியாது. வாய்த் திறப்பு சிறியது, கன்னங்கள் உள்ளே மடிந்திருக்கும், நாக்கு மறைத்துக்கொள்ளும். கருவி விட்டுப் பார்த்ததில் இடப்பக்கம் உமிழ்நீர் தேங்கியிருப்பது தெரிந்தது, அவ்வளவுதான். மயக்கமருந்து தேவைப்பட்டது. ஆனால் அதை அன்றே கொடுக்கவில்லை. எடை இழந்து குடல் மந்தமான முயலுக்கு முதலில் நீர்ச்சத்தும் வலிநிவாரணமும் உணவும் தேவை. தோலுக்கடியில் திரவம் ஏற்றி, சிறுநீரக அளவுகளைப் பார்த்துவிட்டு மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணியைக் கொடுத்து, நார் நிறைந்த கூழை எடைக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி என்ற கணக்கில் சிரிஞ்சால் சில வேளைகள் ஊட்டினோம். மறுநாள் மயக்கமருந்துக்கு முன் பட்டினி போடவில்லை. முயல் வாந்தி எடுக்காது என்பதால், மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும் அபாயம் இல்லை. பட்டினியோ குடலை இன்னும் மந்தமாக்கும், கல்லீரலில் கொழுப்பு படியவும் வழி செய்யும். வாயில் ஒட்டியிருந்த உணவை மட்டும் துடைத்து எடுத்தோம்.

பழுப்பையும் உடன் தங்கவைத்தோம். துணையை விட்டுப் பிரிந்த முயல் தின்ன மறுப்பதும், திரும்பி வந்ததை மற்றது விரட்டுவதும் அடிக்கடி நடப்பவை.

வாய்க்குள் இருந்தது

இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றின் உட்பக்க ஓரம் ஊசிபோல் வளர்ந்து நாக்கின் பக்கவாட்டில் குத்தியிருந்தது. அங்கே புண். வலப்பக்கம் கூர்முனை சிறிதாக இருந்தது, புண் இல்லை. எக்ஸ்ரேயில் வேர்களின் அடியில் சீழ்க்கட்டி எதுவும் தெரியவில்லை. சில வேர்கள் இயல்பைவிடச் சற்று நீண்டிருந்தன.

முயலின் எல்லாப் பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைப்பதால்தான் அவை தேய்ந்து அளவில் நிற்கின்றன. கூர்முனை நாக்கைக் குத்தினால் முயல் புல்லைத் தவிர்க்கும். புல்லைத் தவிர்த்தால் பல் தேயாது, கூர்முனை இன்னும் நீளும். கூட்டிக் கொடுத்த பெல்லட் இந்தச் சுழலுக்குத் துணை போனது: வயிறு ஓரளவு நிரம்பியதால் புல் குறைந்தது வெளியே தெரியவில்லை. நாக்குப் புண்ணால் தன்னை நக்கிச் சுத்தம் செய்வதும் நின்றது. பிட்டத்துச் சிக்கும் ஒட்டிய புழுக்கையும் அங்கிருந்து வந்தவை.

கூர்முனைகளைப் பல் தேய்க்கும் கருவியால் சமப்படுத்தினேன். மயக்கத்தில் இருக்கும்போதே பிட்டத்துச் சிக்கையும் எடுத்தோம். முயலின் தோல் மிக மெல்லியது. விழித்திருக்கும் முயலிடம் கத்தரிக்கோலைக் கொண்டுபோனால் முடியோடு தோலும் வந்துவிடும். சிக்கை நனைத்துக் குளிப்பாட்டுவதும் கூடாது. ஈர முயல் குளிர்ந்து அதிர்ச்சிக்கு உள்ளாகும்.

தொடர்ந்து நடந்தவை

வீடு திரும்பியபின் கூழ் ஊட்டுவது தொடர்ந்தது. முதல் நாள் கீரை மட்டும் தின்றது. இரண்டாம் நாள் மென்மையான புல்லைத் தேடி எடுத்து மென்றது, கீழே போடவில்லை. எடை மேலும் 20 கிராம் இறங்கி 2380இல் நின்று, ஒரு வாரம் கழித்து 2420க்கு ஏறியது. புழுக்கைகள் பெருத்து வெளிறின. கோத்த மணிகள் சில நாட்கள் வந்து நின்றுபோயின. குடலில் இருந்த முடி மருந்தில்லாமல் புல்லோடு வெளியே வந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த பதிவு அதற்கடுத்த வாரத்தினுடையது. விலாவில் நின்றுபோயிருந்த உதிர்வு மறுபடி நகரத் தொடங்கியது. கை வைத்தாலே பழைய முடி கற்றையாக வந்தது. ஒரே ஒரு முயலை வைத்துப் பொதுவிதி சொல்ல மாட்டேன். ஆனால் போதிய உணவு கிடைக்காத உடல் முடி மாற்றும் வேலையைப் பாதியில் நிறுத்திவைத்தது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். அந்த நாட்களில் முடியை விழுங்குவதைக் குறைக்கத் தினமும் சீவச் சொன்னேன். மருத்துவத்தில் தொடங்கி ஆறாம் வாரம் எடை 2560. அது வழக்கத்துக்கு 40 கிராம் குறைவுதான் என்றாலும், முதுகெலும்பின் மேல் சதை பிடித்திருந்தது.

இதற்கிடையே பழுப்பு 2430க்குப் போயிருந்தது. பெல்லட்டைப் பழைய அளவுக்கும் குறைவாக இறக்கி, இரண்டுக்கும் தனித்தனி இடத்தில் வைக்கச் சொன்னேன். மெதுவாக அது 2360க்கு வந்தது. தேவையில்லாத முயலுக்குப் போன ஊட்டமும் இந்த நிகழ்வின் ஒரு பகுதி. பருத்த முயல் என்றாவது தின்பதை நிறுத்தினால் அதன் கல்லீரல்தான் முதலில் அடிபடும்.

சில மாதங்கள் கழித்து, உதிர்வே இல்லாத காலத்தில், சாம்பல் 40 கிராம் இறங்கியது. இம்முறை குடும்பத்தார் காத்திருக்கவில்லை. கூர்முனை மறுபடி முளைக்கத் தொடங்கியிருந்தது, புண் இன்னும் வரவில்லை. தேய்த்துவிட்டு அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பினேன். பல்லின் கோணம் ஒருமுறை மாறிவிட்ட முயலுக்கு இது வாழ்நாள் வேலை என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

இனி மாற்றிச் செய்வது

உதிர்வு தொடங்கிய நாளிலிருந்து வாரம் இருமுறை, காலையில் கீரை வைப்பதற்கு முன் நிறுப்பது. வாரம் ஒருமுறை என்பது பொதுவான கண்காணிப்புக்குப் போதும். ஓர் இறக்கம் எங்கே வழக்கத்தைத் தாண்டியது என்று கண்டுபிடிக்கப் போதாது. இங்கே இரண்டு கோடுகளும் பிரிந்தது மூன்றாம் வாரம், நான் முயலைப் பார்த்தது ஐந்தாம் வாரம்.

இரண்டாவது, புல்லைத் தனியாகக் கவனிப்பது. சேர்ந்து வாழும் முயல்களில் யார் தின்றார்கள் என்று தொட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. தினமும் சிறிது நேரம் கம்பித் தடுப்பின் இருபுறமும் ஒன்றையொன்று பார்க்கும்படி பிரித்து, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பிடி புல்லை வைத்து அது மெல்லுவதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மகள் கண்டது தற்செயல். அதை அன்றாட வழக்கமாக்கியிருந்தால் அந்த இரண்டு வாரங்கள் மிஞ்சியிருக்கும்.

உதிர்வுக் காலத்தில் ஊட்டம் கூட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இளைத்த முயலுக்கும் வயதான முயலுக்கும் சில வேளை அது தேவை. புல் தின்னும் அளவு குறையவில்லை என்று உறுதி செய்தபின், அந்த முயலுக்கு மட்டும், தனியாக வைத்துக் கொடுக்க வேண்டும்.

நான் இப்போது கடைப்பிடிக்கும் எல்லை இது. உதிர்வின்போது மூன்று விழுக்காடு வரை இறங்கினால், புல்லும் புழுக்கையும் இயல்பாக இருந்தால், பார்த்துக்கொண்டிருக்கலாம். ஐந்து விழுக்காட்டைத் தொட்டால், அல்லது புது முடி வந்து முடிந்தும் எடை ஏறாவிட்டால், வாயைப் பார்க்காமல் விடுவதில்லை. பாதி நாள் எதுவும் தின்னாத, புழுக்கை போடாத முயலுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அதை அந்த நேரத்திலேயே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இந்த எண்களைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த பெரிய உதிர்வில் சாம்பல் 60 கிராம் இறங்கியது, புல்லை விடாமல் தின்றது, புது முடி முடிந்து மூன்றாம் வாரத்தில் 2570க்கு வந்தது.